அறத்துக்குக் காரணம் கேட்டவர்கள்

பொய் சொல்லாதே, பிறர் பொருளைத் தொடாதே, பெற்றோரைப் பேணு, விருந்தினரை மதி. இவற்றை ஏதோ ஒரு வடிவில் சொல்லாத சமூகத்தைக் காண்பது அரிது. கிரேக்கர்களுக்கு நெடுங்காலம் முன்பே எகிப்திலும் பாபிலோனிலும் அறிவுரை நூல்கள் இருந்தன. ஆகவே, அறத்தைக் கிரேக்கர்கள்தான் உலகுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

அவர்கள் தொடங்கிவைத்தது வேறொன்று. ‘இப்படி நட’ என்று சொல்பவரிடம் ‘ஏன் அப்படி நடக்க வேண்டும்?’ என்று கேட்டார்கள். முன்னோர் சொன்னார்கள், தெய்வம் சொன்னது என்ற பதில் வந்தால் அதோடு விடவில்லை. கேட்பவர் யாராக இருந்தாலும் ஏற்கும்படியான காரணம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அறிவுரை சொல்வது அறநூலின் வேலை. அந்த அறிவுரைக்குக் காரணம் தேடுவது அறவியலின் வேலை. இதே காலத்தை ஒட்டி இந்தியாவிலும் சீனாவிலும் இத்தகைய விசாரணைகள் தனித்தனியே நடந்தன. கிரேக்கத்தில் அது எப்படி, எந்தச் சூழலில் பிறந்தது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

வீரனின் பெருமை, உழவனின் முறையீடு

கிரேக்கர்களின் மிகப் பழைய இலக்கியம் ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட், ஒடிசி என்ற இரு காவியங்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி இவை உருப்பெற்றதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இந்தக் காவிய உலகில் சிறந்தவன் என்றால் நற்குடியில் பிறந்தவன், போரில் முன்னால் நிற்பவன், அவையில் பேசத் தெரிந்தவன், செல்வமும் ஆள்பலமும் உள்ளவன். உயிரைவிட அவனுக்குப் பெரியது ஊரார் தரும் மதிப்பு.

இலியட் தொடங்குவதே ஒரு மதிப்புத் தகராறில்தான். போர்க்கொள்ளையில் அக்கிலீஸின் பங்காக வந்த பிரிசெயிஸ் என்ற பெண்ணை அரசன் அகமெம்னன் பறித்துக்கொள்கிறான். அவமானப்பட்ட அக்கிலீஸ் போரிலிருந்து விலகிவிடுகிறான். அதன் விளைவாக அவன் தரப்பு வீரர்களே கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது நியாயமா என்ற கேள்வி இந்தத் தகராறில் எழவே இல்லை. அவள் யாருடைய பங்கு என்பதுதான் வழக்கு.

அதே காவியத்தில் தெர்சிட்டீஸ் என்றொருவன் வருகிறான். அரசன் பொருள் குவிப்பதற்காக நாம் ஏன் இங்கே கிடந்து சாக வேண்டும், கப்பலேறி ஊருக்குப் போவோம் என்கிறான். ஏறத்தாழ இதையே அக்கிலீஸும் முன்பு சொல்லியிருந்தான். ஆனால் தெர்சிட்டீஸ் பெயர்பெற்ற வீரன் அல்லன். அரசர்களில் ஒருவனான ஒடிசியஸ் செங்கோலாலேயே அவன் முதுகில் அடித்து உட்காரவைக்கிறான்; அவன் அழுகிறான்; கூட்டம் சிரிக்கிறது. சொன்னது சரியா என்று யாரும் பார்க்கவில்லை. சொன்னவன் யார் என்று மட்டுமே பார்த்தார்கள்.

ஹோமருக்கு அடுத்து வைத்துப் பேசப்படுபவர் ஹெசியோட். கி.மு. 700-ஐ ஒட்டி, போயோஷியாவின் அஸ்க்ரா என்ற சிற்றூரில் நிலத்தை உழுது வாழ்ந்தவர். அவருடைய ‘வேலைகளும் நாட்களும்’ என்ற நூலுக்குப் பின்னணி ஒரு சொத்துத் தகராறு. உடன்பிறந்தவனான பெர்செஸ் ஊர்த்தலைவர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துத் தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டதாக அவர் குமுறுகிறார். மீனும் விலங்கும் பறவையும் ஒன்றையொன்று தின்று வாழலாம், மனிதருக்கு மட்டும் ஜீயஸ் நீதியைக் கொடுத்திருக்கிறார் என்பது அவருடைய வாதம். ஹோமரின் பிரபுக்கள் பேசாத ஒன்றை இந்த உழவர் பேசுகிறார்: வலியவன் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. ஆனால், ஏன் ஆகாது என்று கேட்டால் அவரிடம் இருக்கும் பதில், ஜீயஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார், தண்டிப்பார் என்பதே.

அந்தத் தண்டனைக்குக் காத்திராமல் சட்டத்தால் வழி தேடியவர் சோலோன். கி.மு. 594-ல் ஏதென்ஸின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கடனுக்கு ஈடாக உடலையே அடகு வைக்கும் வழக்கத்தை ஒழித்தார். அநீதி இழைக்கப்பட்டவருக்காக எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம் என்ற உரிமையையும் அவர் கொண்டுவந்தார். தெர்சிட்டீஸ் போன்றவர்கள் அடிபடாமல் வாய் திறக்க இப்படித்தான் முதல் வாசல் திறந்தது.

தெய்வங்களை நோக்கி ஒரு கேள்வி

அடுத்த அதிர்ச்சி சின்ன ஆசியாவின் கடற்கரை நகரங்களிலிருந்து வந்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் மிலீட்டஸ் நகரத்தவர் சிலர், இடியும் மழையும் நிலநடுக்கமும் தெய்வங்களின் கோபத்தால் வருபவை அல்ல, அவற்றுக்கு இயற்கைக் காரணங்கள் உண்டு என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அதே கடற்கரையில் கொலொஃபோன் ஊரில் பிறந்த செனோஃபனீஸ் இந்தச் சிந்தனையை அறத்தின் பக்கம் திருப்பினார். திருட்டு, பிறன்மனை நயத்தல், வஞ்சகம் என்று மனிதருக்குள் வெட்கக்கேடாகக் கருதப்படும் அத்தனையையும் ஹோமரும் ஹெசியோடும் தெய்வங்களின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார். எத்தியோப்பியர்களின் தெய்வங்கள் கறுப்பாகவும் திரேசியர்களின் தெய்வங்கள் நீலக்கண்ணோடும் இருப்பதை எடுத்துக்காட்டி, குதிரைக்குக் கையிருந்தால் அது தன் தெய்வத்தைக் குதிரையாகத்தான் வரையும் என்றார்.

செனோஃபனீஸ் நாத்திகர் அல்லர். மேலான ஒரு தெய்வம் உண்டு என்று நம்பியவர். ஆனாலும் அவருடைய விமர்சனம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. தெய்வம் செய்தது, ஆகவே அது சரி என்றிருந்த வரிசை தலைகீழானது. சரியானதைச் செய்வதுதான் தெய்வம் எனத் தகும் என்றால், சரி எது என்பதைத் தெய்வத்துக்கு முன்பாகவே நாம் அறிந்திருக்க வேண்டும்.

அதே கடற்கரையின் எஃபெசஸ் நகரத்தைச் சேர்ந்த ஹெராக்ளிட்டஸ், மனிதனின் விதி வெளியிலிருந்து ஒரு தெய்வம் எழுதுவதல்ல, அவனுடைய குணமே அவன் விதி என்றார். அணுக்கொள்கைக்குப் பெயர்பெற்ற டெமாக்ரிட்டஸும் அறத்தைப் பற்றி நிறைய எழுதியவர். பிறர் பார்வைக்கு அஞ்சி நல்லவனாக இருக்காதே, தவறு செய்ய உன்முன்னே நீ வெட்கப்படு என்பது அவர் போதனையின் சாரம். ஊராரின் மதிப்பையே பெரிதாக எண்ணிய அக்கிலீஸின் உலகத்திலிருந்து இது வெகு தூரம்.

ஊருக்கு ஊர் வேறு வழக்கம்

கிரேக்கர்கள் கடலோடிகள். கருங்கடல் முதல் இத்தாலி, சிசிலி வரை குடியேறினார்கள். போன இடங்களிலெல்லாம் தங்கள் வழக்கங்களுக்கு நேர்மாறான வழக்கங்களைக் கண்டார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். இந்தியர்களும் அதில் வருகிறார்கள்.

பாரசீகப் பேரரசன் டாரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களை அழைத்து, என்ன விலை கொடுத்தால் இறந்த தந்தையரின் உடலைத் தின்பீர்கள் என்று கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள். பிறகு, பெற்றோர் இறந்தால் அவர்கள் உடலை உண்பவர்கள் என்று சொல்லப்பட்ட கல்லாட்டியர் என்னும் இந்திய மக்களை அழைத்தான். கிரேக்கர்கள் கேட்கும்படி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, என்ன விலைக்கு உங்கள் தந்தையரைத் தீயில் எரிப்பீர்கள் என்று கேட்டான். அப்படியொரு வார்த்தையை வாயில் எடுக்க வேண்டாம் என்று அவர்கள் அலறினார்கள். கிரேக்கர்கள் இறந்தவர்களை எரிப்பவர்கள். இரு தரப்பும் தந்தையை மதித்தே தத்தம் வழக்கத்தைச் செய்தது; இரு தரப்புக்கும் மற்றவர் வழக்கம் அருவருப்பாக இருந்தது. எல்லாவற்றையும் ஆள்வது வழக்கமே என்று சொல்லி ஹெரோடோட்டஸ் இதை முடிக்கிறார்.

நிகழ்ச்சி நடந்ததோ புனைந்ததோ, அது கிளப்பிய கேள்வி ஏதென்ஸில் ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்தது. நெருப்பு பாரசீகத்திலும் சுடும், கிரேக்கத்திலும் சுடும், அது இயற்கை. நீதி மட்டும் எல்லை தாண்டினால் மாறுகிறதே. அப்படியானால் நீதி இயற்கையில் உள்ளதா, மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடா? ஏற்பாடுதான் என்றால், யாரும் பார்க்காத இடத்தில் அதை ஏன் மதிக்க வேண்டும்?

பேச்சைக் கற்றுக்கொடுத்தவர்கள்

இந்தக் கேள்வி ஏதென்ஸில் சூடுபிடிக்க அந்த நகரத்தின் அரசியல் அமைப்பே காரணம். கி.மு. 508-ஐ ஒட்டி கிளைஸ்தனீஸ் செய்த சீர்திருத்தங்களுக்குப் பிறகு குடிமக்கள் தாங்களே கூடி முடிவெடுத்தார்கள். ஆண்டுக்கு 6,000 பேர் சீட்டுக் குலுக்கி நீதிமன்ற நடுவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒரு வழக்கைச் சில நூறு பேர் சேர்ந்து விசாரித்தார்கள். வாதாட வக்கீல் கிடையாது. வழக்குத் தொடுத்தவரும் எதிராளியும் தாமே எழுந்து, நீர்க்கடிகாரம் அளந்துகொடுத்த நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். பேசத் தெரியாதவனுக்குச் சொத்தும் போகலாம், உயிரும் போகலாம்.

இந்தத் தேவையைப் பார்த்து ஊர் ஊராகச் சுற்றிக் கட்டணம் வாங்கிக் கற்பித்தவர்களே சோஃபிஸ்டுகள். அப்டேராவின் புரோட்டகோரஸ், கி.மு. 427-ல் தன் ஊருக்கு உதவி கேட்டு ஏதென்ஸுக்குத் தூதராக வந்த லியொன்டினியின் கோர்கியாஸ், கியோஸின் புரோடிகஸ், எலிஸின் ஹிப்பியாஸ் ஆகியோர் இவர்களில் பெயர்பெற்றவர்கள். எந்த வழக்கையும் இரு பக்கத்திலிருந்தும் வாதிடலாம் என்று இவர்கள் காட்டினார்கள்.

சோஃபிஸ்ட் என்றாலே குதர்க்கவாதி என்று சொல்லிவிடுவது பிற்காலப் பழக்கம். அதற்குப் பிளேட்டோவின் எழுத்து ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதே பிளேட்டோ புரோட்டகோரஸின் வாயில் வைக்கும் ஒரு கதை கவனிக்கத்தக்கது. மருத்துவம் போன்ற கலைகள் ஒரு சிலருக்கு மட்டும் கிடைத்தால் போதும். ஆனால் நீதியுணர்வையும் வெட்கத்தையும் எல்லா மனிதருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்படி ஜீயஸ் கட்டளையிட்டார் என்கிறது அந்தக் கதை. செருப்புத் தைப்பவரும் கொல்லரும் மக்கள் மன்றத்தில் எழுந்து பேசலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த நியாயம் அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. நற்பண்பு பிறப்பால் வருவதல்ல, கற்பித்தால் வரும் என்று சொன்னதும் இவர்கள்தான்.

ஆபத்து இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. நீதி என்பது வெறும் ஏற்பாடு என்றால், அது வலியவர்கள் தங்கள் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்று சொல்லிவிடலாமே? பிளேட்டோவின் குடியரசு நூலில் திராசிமாக்கஸ் என்ற சோஃபிஸ்ட் அதைத்தான் சொல்கிறார்.

மிட்டிலீனியும் மிலோஸும்

வலியவர் வசதியே நீதி என்பதை ஏதென்ஸ் செயலிலும் காட்டியது. கி.மு. 431-ல் ஸ்பார்ட்டாவோடு தொடங்கிய போர் 27 ஆண்டுகள் நீடித்தது. அந்தப் போரில் ஏதென்ஸின் படைத்தலைவராக இருந்து, பிறகு நாடு கடத்தப்பட்ட துசிடிடீஸ் அதன் வரலாற்றை எழுதினார். அதில் வரும் இரண்டு நிகழ்ச்சிகள் அறவியலின் தோற்றத்தைப் புரிந்துகொள்ளத் தத்துவ நூல்களுக்குச் சமமாக உதவுபவை.

கி.மு. 427. ஏதென்ஸின் கூட்டணியிலிருந்து பிரிந்துபோக முயன்ற மிட்டிலீனி நகரம் சரணடைந்தது. அங்குள்ள வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்க ஏதென்ஸின் மக்கள் மன்றம் முடிவுசெய்தது. உத்தரவோடு கப்பலும் புறப்பட்டது. மறுநாள் காலையில் மக்களுக்கு மனம் உறுத்தியது. மன்றம் மீண்டும் கூடியது. கொல்லத்தான் வேண்டும் என்று கிளியோன் பேசினார். வேண்டாம் என்று டையோடோட்டஸ் பேசினார். அவர் இரக்கத்தையோ நியாயத்தையோ அடிப்படையாக வைத்துப் பேசவில்லை. மிட்டிலீனியர்கள் செய்தது குற்றமா என்பது கேள்வி அல்ல, அவர்களைக் கொல்வதால் நமக்கு லாபம் உண்டா என்பதே கேள்வி என்றார். சிறு வித்தியாசத்தில் அவர் தரப்பு வென்றது.

இரண்டாவது கப்பல் விரைந்தது. முதல் கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்தியிருந்தது. துடுப்புப் போடுபவர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பை விடாமலேயே தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். கொடிய வேலைக்குப் போன முதல் கப்பல் அவசரம் காட்டவில்லை. உத்தரவு வாசிக்கப்பட்டு, அதை நிறைவேற்றத் தயாரான நேரத்தில் இரண்டாவது கப்பல் கரைசேர்ந்தது. நகரம் தப்பியது, கிளர்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் என்று பிடிக்கப்பட்டவர்கள் மட்டும் கொல்லப்பட்டார்கள்.

கி.மு. 416-ல் மிலோஸ் தீவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நடுநிலையாக இருக்க விடுங்கள் என்று தீவினர் நியாயம் பேசியபோது, நியாயம் என்பது சமபலம் உள்ளவர்களுக்கு இடையில் பேசும் பேச்சு, வலியவர் முடிந்ததைச் செய்வார், எளியவர் அடங்கிப்போவார் என்று ஏதென்ஸின் தூதர்கள் சொன்னதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். முற்றுகைக்குப் பிறகு பிடிபட்ட ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

மிட்டிலீனியைக் காப்பாற்றியது லாபக் கணக்கு; மிலோஸை அழித்ததும் லாபக் கணக்குதான். நியாயம் என்று தனியே ஒன்று உண்டு என்பவர், அது எது என்று காட்ட வேண்டிய நெருக்கடி வந்துவிட்டது.

சாக்ரடீஸ் கேட்ட விதம்

அந்த நெருக்கடியை நேரடியாக எதிர்கொண்டவர் சாக்ரடீஸ். கி.மு. 470-ஐ ஒட்டி ஏதென்ஸில் பிறந்தார். தந்தை கல் தச்சர், தாய் மருத்துவச்சி. போர்களில் வீரராகப் பங்கேற்றவர். கட்டணம் வாங்கியதில்லை, ஒரு வரி எழுதியதும் இல்லை. அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பிளேட்டோ, செனஃபோன், நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் முதலியோர் எழுதியவற்றிலிருந்து வருபவை. ஆகவே எது அவர் சொன்னது, எது பிளேட்டோ சொன்னது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு.

அவர் கேட்ட விதத்தை ‘யூதிஃப்ரோ’ என்ற சிறிய உரையாடலில் காணலாம். தன்மேல் வந்த வழக்குக்காக நீதி அலுவலகத்துக்குப் போன சாக்ரடீஸ், வாசலில் யூதிஃப்ரோ என்பவரைச் சந்திக்கிறார். அவர் தன் தந்தைமீதே கொலைவழக்குப் போட வந்திருக்கிறார். நடந்தது இது: நக்சோஸ் தீவில் அவர்கள் நிலத்தில் வேலைசெய்த கூலியாள் ஒருவன் குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். தந்தை அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வது என்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். ஆள் திரும்புவதற்குள் கட்டுண்டவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போனான். பெற்ற தந்தைமீது வழக்கா என்று உறவினர்கள் கொதிக்கிறார்கள். செத்தவன் அந்நியன் என்பதற்காகக் கொலை கொலையில்லை என்று ஆகிவிடுமா என்கிறார் யூதிஃப்ரோ. தான் செய்வதே தெய்வத்துக்கு உகந்தது என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை.

அவ்வளவு உறுதி என்றால் தெய்வத்துக்கு உகந்த நடத்தை எது என்று எனக்கும் சொல்லுங்கள் என்கிறார் சாக்ரடீஸ். இப்போது நான் செய்கிறேனே, இதுதான் என்பது முதல் பதில். அது ஓர் உதாரணம். எல்லா உதாரணங்களுக்கும் பொதுவானது எது என்று கேட்கிறார் சாக்ரடீஸ். தெய்வங்கள் விரும்புவது எதுவோ அது என்று இரண்டாவது பதில் வருகிறது. தெய்வங்களுக்குள்ளேயே சண்டை உண்டே, ஒருவர் விரும்புவதை இன்னொருவர் வெறுக்கிறாரே? எல்லாத் தெய்வங்களும் விரும்புவது என்று யூதிஃப்ரோ திருத்துகிறார். அப்போது வருகிறது அந்தக் கேள்வி: ஒரு செயல் நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா?

இரண்டாவது என்றால், நாளை தெய்வங்கள் கொடுமையை விரும்பினால் கொடுமையும் நல்லதாகிவிடும். முதலாவது என்றால், நல்லது தெய்வ விருப்பத்தைச் சாராமல் தனியே நிற்கிறது. அதை நாம் ஆராய்ந்து அறிய வேண்டும். செனோஃபனீஸ் ஊன்றிய விதை இங்கே மரமாகிவிட்டது. தெய்வத்துக்கு உகந்தது எது என்பதற்குக் கடைசிவரை யூதிஃப்ரோவிடமிருந்து நிற்கும் பதில் வரவில்லை. அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்.

சாக்ரடீஸின் உரையாடல்கள் பெரும்பாலும் இப்படித்தான் விடை கிடைக்காமல் முடிகின்றன. ஆனால் அவர் எதையும் நம்பாதவர் அல்லர். தீமை செய்வதைவிடத் தீமைக்கு ஆளாவது மேல் என்று உறுதியாக நம்பினார். காரணமும் சொன்னார்: பிறர் நமக்குச் செய்யும் தீமை உடலையும் உடைமையையும் தாக்கும், நாம் செய்யும் தீமை நம் ஆன்மாவையே கெடுக்கும். தனக்குக் கேடு என்று தெரிந்தே யாரும் ஒன்றைத் தேர்வதில்லை என்பதால், தீமை செய்பவன் அறியாமையால்தான் செய்கிறான் என்பது அவருடைய முடிவு.

இது வெறும் பேச்சு அல்ல. கி.மு. 406-ல் ஆர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகள், கடலில் தத்தளித்த தம் வீரர்களை மீட்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களைத் தனித்தனியே விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்கள் மன்றம் கொதித்தது. அது சட்டவிரோதம் என்று மறுத்து நின்றவர் அன்றைய பொறுப்பாளர்களில் ஒருவரான சாக்ரடீஸ். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆட்சியைப் பிடித்த முப்பது கொடுங்கோலர்கள், சலமிஸைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்லப் பிடித்துவரும்படி அவரையும் வேறு நால்வரையும் ஏவினார்கள். நால்வர் போனார்கள், சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். மக்களாட்சியின் கோபத்துக்கும் அவர் பணியவில்லை, கொடுங்கோலின் மிரட்டலுக்கும் பணியவில்லை.

கி.மு. 399-ல், நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று அவர்மீது வழக்கு வந்தது. சுமார் 500 நடுவர்கள் விசாரித்தார்கள். முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலை ஆகியிருப்பார். சிறையிலிருந்து தப்பவைக்க நண்பர் கிரிட்டோ ஏற்பாடு செய்தபோதும், தப்புவது சரியா என்று வாதிட்டு ஆராய்ந்து, சரியல்ல என்ற முடிவுக்கு வந்து, ஹெம்லாக் நஞ்சைக் குடித்தார்.

பிளேட்டோவின் மோதிரம்

அப்போது பிளேட்டோவுக்கு வயது முப்பதுக்குள். ஆசிரியர் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை தேடுவதே அவர் வாழ்நாள் வேலை ஆனது. குடியரசு நூலில் பிளேட்டோவின் அண்ணன் கிளாக்கன் ஒரு கதை சொல்கிறார். லிடியா நாட்டு இடையன் ஒருவன், நிலம் பிளந்த பள்ளத்தில் இறங்கி ஒரு மோதிரத்தை எடுக்கிறான். அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அரண்மனைக்குள் புகுந்து, அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அந்த மோதிரம் நல்லவன் ஒருவனுக்கும் கெட்டவன் ஒருவனுக்கும் கிடைத்தால் இருவரும் ஒரே மாதிரிதானே நடப்பார்கள்? பிடிபடுவோம் என்ற பயம்தானே நம் நேர்மை?

பிளேட்டோவின் விடை, மனத்தை அறிவு, வீறு, ஆசை என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. அறிவு ஆள, மற்ற இரண்டும் தத்தம் வேலையைச் செய்தால் அந்த ஒழுங்கே நீதி. அநீதி செய்பவனுக்குள் கலகம் நடக்கிறது. அவன் அரியணையில் இருந்தாலும் தன் ஆசைகளுக்கு அடிமை. ஆகவே மோதிரம் அணிந்தவன் பிடிபடாவிட்டாலும் நட்டம் அவனுக்கே. விடை முழுத் திருப்தி தருகிறதா என்பது வேறு விஷயம். ஆனால் ஹெசியோடைப் போல ஜீயஸ் தண்டிப்பார் என்று சொல்லாமல், நீதி தன்னளவிலேயே நல்லது என்று காட்ட எடுத்த முதல் பெரிய முயற்சி இது.

பழகினால் வரும் குணம்

பிளேட்டோவின் அகாடமியில் இருபது ஆண்டுகள் இருந்தவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322). அவருடைய நிக்கோமாக்கிய அறவியல் பத்துப் பகுதிகள் கொண்டது. இந்தத் துறைக்குத் தனி எல்லையும் முறையும் வகுத்தவர் அவரே. அறவியல் படிப்பது நல்லது எது என்று தெரிந்துகொள்வதற்கு மட்டுமல்ல, நல்லவர்கள் ஆவதற்கு என்றார். கணக்கில் கிடைக்கும் துல்லியத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

தெரிந்தால் செய்துவிடுவான் என்ற சாக்ரடீஸின் கருத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. தவறு என்று தெரிந்தும் ஆசைக்குத் தோற்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோமே. குணம் பழக்கத்தால் வருவது; வீடு கட்டிக் கட்டியே கொத்தனார் ஆவதுபோல, நேர்மையாக நடந்து நடந்தே நேர்மையானவர் ஆகிறோம் என்றார். துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் இருப்பது. ஈகை என்பது கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவில் இருப்பது. அந்த நடு எல்லாருக்கும் ஒரே புள்ளி அல்ல. பத்துப் பங்கு உணவு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லாருக்கும் ஆறு பங்கு போடமாட்டார். மல்லன் மைலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதிகம் என்பது அவர் தரும் உதாரணம். பத்தில் இரண்டு பகுதிகளை நட்புக்கே ஒதுக்கினார். நண்பர்கள் இல்லாமல் நல்வாழ்வு இல்லை என்று நினைத்தவர் அவர்.

கேள்வி நின்ற இடம்

இவர்களைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. ஏதென்ஸின் மன்றத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை. சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். ஆனால் அதே இடத்தில் ஒரு செய்தியையும் அவர் பதிவுசெய்கிறார்: அடிமைமுறை இயற்கைக்கு மாறானது, வெறும் வழக்கத்தால் வந்தது, பலவந்தத்தில் நிற்பதால் அநீதியானது என்று சொல்பவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். அவர்களோடு வாதிட வேண்டிய கட்டாயம் அரிஸ்டாட்டிலுக்கே ஏற்பட்டது. அவர் சொன்ன காரணங்கள் பிற்காலத்தில் நிற்கவில்லை. காரணம் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் நின்றது.

அரிஸ்டாட்டிலுக்குப் பின் எபிகூரஸ் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் பள்ளி வைத்தார். பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டார். சைப்ரஸிலிருந்து வந்த ஸீனோ, ஓவியம் தீட்டிய தூண் மண்டபம் ஒன்றில் பாடம் நடத்தினார். அவர் வழிவந்த ஸ்டோயிக்குகளில் அடிமையாக இருந்த எபிக்டீட்டஸும் உண்டு, ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரிலியஸும் உண்டு. தெர்சிட்டீஸின் முதுகில் விழுந்த அடியையும் இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுமார் 900 ஆண்டுகளில் நடந்தது விளங்கும். சொல்பவர் யார் என்பது பின்னுக்குப் போய், சொல்லும் காரணம் முன்னுக்கு வந்தது. கிரேக்க அறவியலின் கொடை என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மேலும் படிக்க விரும்புபவர்கள் அரிஸ்டாட்டிலில் தொடங்க வேண்டாம், அது கடினம். ‘யூதிஃப்ரோ’ ஒரே மூச்சில் படித்துவிடக் கூடியது. பிளேட்டோவின் குடியரசு நூலை வெ. சாமிநாத சர்மா தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். படிக்கும்போது சாக்ரடீஸ் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் யூதிஃப்ரோ சொல்லும் பதிலைப் பார்ப்பதற்கு முன், உங்கள் பதில் என்ன என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.